படம் இல்லாத மேசை

சுவிட்சர்லாந்தின் ஓல்ட்டன் ரயில் நிலையம். சூரிச் வண்டிக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. சுரங்கப்பாதை வாசலில் ஒரு தமிழ்ப் பெண் மடக்கு மேசை போட்டு மட்டன் ரோல்ஸ் விற்கிறார். குளிரில் ரோல்ஸிலிருந்து ஆவி பறக்கிறது. பார்க்க அழகாக இருக்கவே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு அருகில் போகிறேன்.

மேசையில் ஜெர்மனிலும் தமிழிலும் எழுதிய ஓர் அட்டை. சாம்பியாவில் ஒரு கிராமத்தில், எய்ட்ஸ் நோய்க்குத் தாய் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளின் படிப்புக்காக இந்த விற்பனை. வாசித்துவிட்டு நிற்பவர்கள் குறைவு.

"பிள்ளைங்க படம் ஒண்ணு வச்சா நாலு பேர் நிப்பாங்களே, அக்கா?"

"ஓம், நிப்பினம். எனக்கு விருப்பமில்லை."

அவர் மன்னார்க்காரர். இலங்கைப் போரில் பெற்றோரை இழந்து ஓர் இல்லத்தில் வளர்ந்தவர்.

"இஞ்ச வந்த புதுசில ஒரு தேவாலய மண்டபத்துக்குத் துப்புரவு வேலைக்குப் போனனான். சுவரில, அநாதைப் பிள்ளையளுக்குக் காசு சேர்க்கிற விளம்பரத்தில என்ர படம். ஒன்பது வயசு, அழுதுகொண்டு நிக்கிறன். ஆர் எடுத்ததெண்டும் தெரியாது. கிழமைக்கு ரெண்டு தரம் அதுக்குத் தூசு தட்டினனான்." ரோல்ஸைத் திருப்பி அடுக்குகிறார். "சாம்பியாவில அந்தப் பிள்ளையள் இப்ப சொந்தக்காரர் வீடுகளில இருந்து பள்ளிக்கூடம் போகுதுகள். தாய் என்ன நோய் வருத்தத்தில செத்ததெண்டு நான் ஊருக்கெல்லாம் காட்டோணுமோ?"

கைப்பேசியை அவரிடம் நீட்டி, கேட்காமல் அவரையும் சேர்த்துப் படம் எடுத்துவிட்டதைச் சொல்கிறேன். உற்றுப் பார்க்கிறார்.

"ரோல்ஸ் படத்தில வடிவா விழுந்திருக்கு. என்னை மட்டும் வெட்டிவிடுங்கோ."