ஆரைக்கீரையும் என் அவசரத் தீர்ப்பும்

போன செவ்வாய்க்கிழமை காலை நான் போட்ட சத்தத்தில் மனைவி அகப்பையோடு குசினியில் இருந்து ஓடி வந்தார். பாம்பு என்று நினைத்துவிட்டாராம்.

நானோ ஒரு பழைய மாஜரின் டப்பாவுக்கு மேல் குனிந்தபடி நின்றேன்.

"இஞ்சை வந்து பாரும்... நாலு வந்திட்டுது!"

டப்பாவுக்குள் நூல் போல ஒரு தண்டு. அதன் உச்சியில் நாலே நாலு குட்டி இலைகள். ஆரைக்கீரை!

ஒரு கீரைக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்கிறீர்களா? கேட்கத்தான் வேண்டும். அதற்கு முன்னால் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றரை மாதத்துக்கு முன் அக்கராயனில் மாதர் சங்கம் ஒரு கீரைக் கண்காட்சி வைத்தது. நடுவராக என்னை அழைத்தார்கள். ஏன் என்னை? வாராவாரம் பேப்பரில் எழுதுகிறவனுக்குத் தெரியாதது ஏதும் இருக்குமா... அதுதான். எந்தக் கீரைக்குப் பரிசு கிடைக்கிறதோ, அதைச் சங்கத்து வீடுகளில் நட்டுப் பரப்புவதாக ஏற்பாடு.

ராசமலர் என்ற பெண் ஒரு பேசினில் சேறும் தண்ணீருமாக ஆரையைக் கொண்டு வந்திருந்தார். குளத்துக்குக் கீழே நெல் செய்கிற குடும்பம். நான் ஒரு பார்வைதான் பார்த்தேன். இது புளியாரை, மஞ்சள் பூப் பூக்கும், தின்றால் புளிக்கும் என்று மைக்கில் அறிவித்தேன். இது பூக்கவே பூக்காது, பன்னச் சாதி, அதாவது பெரணி இனம் என்று அவர் மெல்லச் சொன்னார். பன்னம் பூச்சாடியில் அல்லவா நிற்கும், சட்டியில் எப்படி வந்தது என்று கேட்டேன். சபை விழுந்து விழுந்து சிரித்தது. பரிசு பொன்னாங்காணிக்குப் போனது.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே ராசமலர் கிளிநொச்சிக்கு வந்து என் வீட்டுப் படலையில் நின்றார். கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"வயலிலை களையெண்டு பிடுங்கி எறியிறதை, திண்டு பாத்துத்தான் பேசினிலை வளர்த்தனான். சனம் உங்கடை கதையைக் கேட்டுச் சிரிச்சிட்டுது, சேர். இனி ஆர் இதைச் சட்டியிலை போடுவினம்?"



கையோடு கொண்டு வந்த செடியைக் காட்டினார். புளியாரைக்கு மூன்று இலை — இதற்கு நாலு. இளங்குருத்து நாய்வால் போலச் சுருண்டிருந்தது. பன்னத்துக்குத்தான் அப்படி வருமாம். பூ கிடையாது. தண்டின் அடியில் மட்டும் உழுந்து அளவில், காய் போலக் கறுத்த உறைகள். அந்தக் காயில் பத்துப் பன்னிரண்டை ஒரு கடதாசியில் சுற்றித் தந்தார்.

"வளர்த்துப் பாருங்கோ. பிறகு கதைப்பம்."

அவ்வளவுதான். பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னபடியே, நகம்வெட்டியால் காயின் ஓட்டைக் கொஞ்சம் கிள்ளிவிட்டுக் கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் போட்டேன். பேப்பரை வாசித்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் — காய்க்குள் இருந்து வெள்ளையாய், ஜெலியாய், புழுப்போல ஒன்று நெளிந்து வளைந்து வெளியே வந்திருக்கிறது! அன்று பத்தி எழுதவில்லை. கிளாஸுக்கு முன்னாலேயே இருந்துவிட்டேன்.

பிறகு டப்பாவில் வயல் சேறு, மேலே இரண்டு விரல் தண்ணீர், முற்றத்து வெயில். சில நாளில் மயிர் போல ஒற்றை இலை வந்தது. புல்லோ என்று மனம் சோர்ந்தது. அடுத்து வந்ததில் இரண்டு இலை. செவ்வாய்க்கிழமைதான் அந்த நாலு! மாலையில் நாலும் கைகூப்பியது போல மடிந்தன. மனைவியை மறுபடியும் கூப்பிட்டேன். இந்த முறை அகப்பையை வைத்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். மோட்டார் சைக்கிளில் டப்பாவையும் கட்டிக்கொண்டு போனேன். அன்று நான் சொன்னது பிழை, ராசமலர் சொன்னதுதான் சரி, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. டப்பா கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசை வரை போனது. வயலுக்குள் ஓடிப் பரவாதோ என்று ஒருவர் கேட்டார். பேசினை விட்டு இறக்கக்கூடாது, பச்சையாய்த் தின்னாமல் நல்லாய் அவித்துத்தான் தின்ன வேண்டும் என்றார் ராசமலர். பருப்போடு சேர்த்தால் ருசி என்றும் சொன்னார்.

சொல்லிக்கொண்டே, அன்றும் கொண்டு வந்திருந்த தன் பேசினில் இருந்த கொடியைக் கணுக்கணுவாக வெட்டத் தொடங்கிவிட்டார். பெண்கள் வரிசையாக நின்று சாப்பாட்டுப் பெட்டி மூடிகளை நீட்டினார்கள்.

அவரிடம் தனியே மன்னிப்புக் கேட்க, ஐந்து நாளாக ஒத்திகை பார்த்த நாலு வசனம் என்னிடம் இருந்தது. பக்கத்தில் போய்த் தொண்டையைச் செருமினேன். அவர் வெட்டுவதை விட்டு நிமிரவேயில்லை.

"சேர், வரிசையிலை வாங்கோ."