திண்டிவனத்தில் சிசரோவின் மரணம்

பகல் ஒன்றரை மணி பாசஞ்சரில் விழுப்புரத்தை விட்டேன். திண்டிவனம் இருபத்து மூன்று மைல். மூன்றாம் வகுப்புக்கு ஆறணா. யுத்த காலமாகையால் பெட்டியில் நிற்கவும் இடமில்லை. விக்கிரவாண்டியில் மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் நிலக்கடலை மூட்டைகளோடு ஏறிய ஒரு குடியானவர் எங்கே பயணம் என்று விசாரித்தார். சிசரோ என்ற ரோமாபுரி ராஜதந்திரியைப் பற்றி வாசகசாலையில் பேசப் போகிறேன் என்றேன். அவர் செத்து இரண்டாயிரம் வருஷமாகிறது என்றதும், "இன்னும் பேசிக்கினு இருக்காங்கன்னா நல்ல மனுசனாத்தான் இருந்திருப்பாரு" என்று ஒரு பிடி மல்லாட்டை கொடுத்தார்.

மூன்றரைக்குத் திண்டிவனம். வாசகசாலையின் செக்ரெட்டரி ஜட்காவுடன் காத்திருந்தார். வக்கீல், உபசாரத்தில் குறை வைக்காதவர். வண்டி கடைத்தெருவில் திரும்பியதும் குரலைத் தாழ்த்தினார்.

"சார், இன்னிக்கு சப்-இன்ஸ்பெக்டர் வர்றாரு. காலம் பேஜாரா இருக்கு. கடைசில, ஆட்சிய எதுத்துப் பேசினதுக்காக சிசரோவக் கொன்ன கதையெல்லாம் வேணாங்க. ஒடம்பு சரியில்லாம செத்துட்டாருன்னு சொல்லிடுங்க. யாரு போயி பாக்கப் போறாங்க?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? வெட்டுப்பட்டவரைக் காய்ச்சலில் சாகடிக்க என்னால் ஆகாது என்றேன்.

ஐந்து மணிக்குக் கூட்டம். சப்-இன்ஸ்பெக்டர் முன்வரிசையில் அமர்ந்தார். சிற்றூரில் பிறந்து, குலப்பெருமை ஏதுமின்றி, நாவன்மை ஒன்றாலேயே குடியரசின் உச்சப் பதவிக்கு வந்த கதையைச் சொன்னேன். சீசர் கொலையுண்ட பின் அவருடைய தளபதி ஆண்டனி நாட்டைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தபோது, அறுபது கடந்த அந்த மனிதர் சபையில் எழுந்து அவனை எதிர்த்துத் திரும்பத் திரும்பப் பேசியதைச் சொன்னேன். கொல்லப்பட வேண்டியவர்களின் பட்டியலில் அவர் பெயரும் சேர்ந்தது. கடலை நோக்கிப் போன அவருடைய பல்லக்கை ஆண்டனியின் ஆட்கள் மறித்தார்கள் என்ற இடத்துக்கு வந்தேன்.

செக்ரெட்டரி எழுந்தார். என் கழுத்தில் ரோஜா மாலை விழுந்தது. நேரமாகிவிட்டதென்று நன்றி கூறினார், கை தட்டினார்கள். இத்தனை பயத்துக்கும் காரணமான சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். மனிதர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்!

காபிக்கு நிற்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தேன். மாலையை வழியிலேயே வேலி மேல் வீசிவிட்டேன். பிளாட்பாரத்தில் நான் உட்காருமுன் கூட்டத்திலிருந்த நாலைந்து பேர் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். மிஷன் பள்ளியில் வேலை பார்க்கும் ஞானசுந்தரி டீச்சர் கேட்டார்: "பல்லக்க மறிச்சாங்களே, அப்பறம் என்னாச்சு சார்?"

சொன்னேன். சிசரோ தாமே கழுத்தை நீட்டியதை. தலையோடு, ஆண்டனிக்கு எதிராக எழுதிய கைகளையும் வெட்டியதை. அவர் நின்று பேசிய மேடையிலேயே அவற்றை மாட்டி ஊர் பார்க்க வைத்ததை.

"அந்தக் கைய அப்பறமா யாராச்சும் எறக்கி அடக்கம் பண்ணாங்களா?" என்றார் டீச்சர்.

தெரியவில்லை என்றேன். நான் படித்த எந்தப் புத்தகமும் அதைச் சொல்லவில்லை.

ஏழேகால் வண்டி வந்தது. மயிலம் தாண்டியும் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆண்டனி வெட்டினான்; ஆனால் வெட்டியதை மறைக்கவில்லை. மறைப்பதற்கு நம்மவர்கள், அதுவும் யாரும் கேட்காமலே, முன்வருகிறார்கள். விழுப்புரத்து வாசகசாலையிலும் இப்படி ஒரு செக்ரெட்டரி உண்டு. அங்கே பேச அழைத்தால் சிசரோவின் பிறப்பிலிருந்து தொடங்கப் போவதில்லை. கைகளிலிருந்து தொடங்குவேன்.