கற்பூர வைன்

பாரிஸிலிருந்து வந்திருந்த அண்ணனை லண்டனில் ஒரு பழைய வைன் நிலவறையைச் சுற்றிக்காட்டக் கூட்டிப்போனேன். அவருக்குக் கடும் சளி. மூக்கைச் சுற்றிக் கற்பூரத் தைலம் பூசியிருந்தார்.

பிரான்ஸில் இருப்பவர் என்றதும் வழிகாட்டி அவரை நிபுணர் என்றே நினைத்துவிட்டார். கோப்பையைக் கொடுத்து, என்ன வாசம் என்று கேட்டார்.

"பிள்ளை, எனக்கு ஒண்டும் மணக்கேல்லை. என்ன சொல்ல?"

"வாயில வாறதைச் சொல்லுங்கோ அண்ணை."

"கற்பூரம்," என்றார் அண்ணன், ஆங்கிலத்தில்.

அவர் மூக்கடியில் பிடித்திருந்த கோப்பையை வழிகாட்டி குனிந்து முகர்ந்தார். தைல நெடிதான் ஏறியிருக்கும். "உண்மைதான்!" என்று கூவினார். சுற்றிப்பார்க்க வந்திருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து முகர்ந்து தலையாட்டினார்கள். நான் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தேன்.

வெளியே வந்ததும், "சும்மா சொன்னது எப்பிடிச் சரியா வந்தது?" என்றார் அண்ணன்.

"உங்களுக்கு அந்த ஞானம் இருக்குது அண்ணை."

பாரிஸ் திரும்பும்வரை என் தேநீரைக்கூட அவர் முகர்ந்து பார்த்துத்தான் குடித்தார்.