மச்சம் இருந்த பக்கம்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. பேட்ஜ்காரர் வீடு எது என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். பள்ளிக்கூடச் சட்டைப் பையில் தைக்கிற சிங்கம், தீப்பந்தம், திறந்த புத்தகம், இறக்கை விரித்த கழுகு எல்லாம் அவர் மிஷினில் பிறந்தவை. பதினோரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவர் வேலையை நெஞ்சில் சுமந்துகொண்டு போனார்கள். அவர் படித்ததோ ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை.

"என்னை வெளிய அனுப்பின பள்ளிக்கூடத்துக்கே நான்தான்யா முத்திரை குத்தறேன்" என்பார்.

சொல்லிக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது. பதின்மூன்று வயதில் ஒரு தையல்கடையில் காஜா எடுக்க உட்கார்ந்தவர். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதலாளி சாப்பிடப் போகிற அரைமணி நேரத்தில் மிஷினைத் திருட்டுத்தனமாக ஓட்டி எம்பிராய்டரி பழகினார். மிஷின் பாதத்தைக் கழற்றி, துணியைத் தள்ளுகிற பல்லைக் கீழே இறக்கிவிட்டால் துணி நம் இஷ்டத்துக்கு வந்துவிடும். மரவளையத்தில் அதை மத்தளம்போல இழுத்துப் பூட்டி, இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்து ஓட்ட வேண்டும். எழுதுகிறவனுக்குப் பேனா நகரும், காகிதம் நிற்கும். இங்கே ஊசி ஒரே இடத்தில் குத்திக்கொண்டு நிற்கும், காகிதத்தை நகர்த்தி எழுத வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஊசி விரலுக்குள் போய்விடும். அவருக்கு இரண்டு தடவை போயிருக்கிறது. இரண்டு தடவையும் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு மிச்ச வேலையை முடித்துத்தான் எழுந்தார்.

ஒரு தடவை ஒரு ஹெட்மாஸ்டர் புதுச் சிங்கத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, பூனை மாதிரி இருக்கு?" என்றார்.

"நல்லதுதானே சார், பள்ளிக்கூடத்துல எலித் தொல்லை இருக்காது."

சிங்கம் அப்படியே போனது. தைத்ததைப் பிரிக்கிற வழக்கம் அவரிடம் கிடையாது.

அவருக்கு ஒரே மகள். பத்தொன்பது வயதிலும் பாப்பாதான். காய்ச்சல் என்று படுத்தாள், நாலாம் நாள் இல்லை. கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடுகிற பெண். அதனால் அவள் போன பிறகு வீட்டில் மிஞ்சியது, காலேஜ் அடையாள அட்டைக்காக எடுத்த ஒரே ஒரு போட்டோ. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு முகம்.

அவர் மனைவி அதைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். காலையில் எழுந்ததும் எடுப்பாள். சமையல் முடிந்ததும் எடுப்பாள். துணி மடிக்கிற நேரத்தில் ஒரு தடவை எடுப்பாள். கன்னத்தைக் கட்டைவிரலால் தடவுவாள், உள்ளே வைப்பாள். இரண்டு வருஷத் தடவலில் போட்டோவின் மேல்பூச்சு உதிர்ந்து, முகம் நடுவிலிருந்து வெளுக்க ஆரம்பித்தது.

"விரலை எடும்மா, அழியுது பாரு" என்றார் ஒருநாள்.

"எனக்குத் தெரியாதா? தொடாம இருக்க முடியலங்க."

"கண்ணை மூடினா பாப்பா முகம் தெரியாதா?"

"போட்டோதான் தெரியுது. அவ தெரிய மாட்டேங்குறா."

துக்கம் வந்தால் வீறாப்பாகப் பேசுவது பேட்ஜ்காரர் சுபாவம். "நான் தைச்சுத் தர்றேன். தொட்டாலும் தேயாத முகம். பட்டு நூல்ல. நூறு வருஷம் தடவு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சிங்கமும் கழுகும் தைச்ச கை."

"சிங்கத்துக்கே முகம் வச்ச கைடி இது."

ஒரே ஒரு நாளைக்கு என்று சொல்லிப் போட்டோவைக் கொடுத்தாள். கொடுக்கும்போதுகூட ஒரு தடவை தடவிவிட்டுத்தான் கொடுத்தாள்.

அதைத் துணியளவுக்குப் பெரிசாக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனார். கடைக்காரர் இருபது வருஷப் பழக்கம்.

"இவ்ளோ பெரிசா எதுக்குண்ணே?"

"குப்புறத் தைக்கப் போறேன். பட்டு நூல் தடிமன், ஊசிக் காதுல நுழையாது. அதைக் கீழ பாபின்ல சுத்திட்டு, துணியக் கவுத்துப் போட்டு முதுகுப் பக்கம் ஓட்டணும். அடியில விழறதுதான் படம். கண்ணுக்குத் தெரியாமலே தைக்கணும். எத்தனை பேருக்கு வரும் சொல்லு?"

"அப்படின்னா படம் இடம் வலமா மாறி விழுமே? அதுக்கு நான் மிஷின்லயே..."

"எனக்கே தொழில் சொல்லித் தர்றியா? நாப்பத்தஞ்சு வருஷம். நீ பட்டனை அமுக்குற வேலையைப் பாரு."

ஜெராக்ஸ்காரர் சிரித்துக்கொண்டே பட்டனை அமுக்கினார். தாள் சூடாக வந்து விழுந்தது. பேட்ஜ்காரர் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். சொன்ன சொல் தவறாதவர். அன்று சாயங்காலமே போட்டோ பெட்டிக்குத் திரும்பிவிட்டது.

மறுநாள் காலையில் ஜெராக்ஸ் தாளை ஜன்னல் கண்ணாடியில் கவிழ்த்து ஒட்டி, பின்பக்கத்திலிருந்து கோடு எடுத்தார். குப்புறத் தையலுக்குப் படத்தை முதலில் புரட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் திரும்பி விழும், ஊர் சிரிக்கும். ஆயிரம் பேட்ஜுக்குப் புரட்டிய கை. யோசிக்காமலே புரட்டியது. கோடு எடுத்து முடித்த தாளை, பார்த்துப் பார்த்துத் தைக்க மிஷினுக்கு எதிர்ச் சுவரில் நேராக ஒட்டிக்கொண்டார்.

பிறகு மூன்று மாதம்.

அந்த மூன்று மாதத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. பேட்ஜுக்கு நாலு நிறம் போதும். பாப்பாவின் கன்னத்துக்கு மட்டும் ஒன்பது நூல் வைத்திருந்தார். ஈர மணல், பழைய செங்கல், ஆறிப்போன டீ, பித்தளைப் பாத்திரத்தின் உள்பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் அவரே பெயர் வைத்தார். பாபின் கேஸின் சின்னத் திருகாணியை முடியளவு தளர்த்துவார். தளர்த்தினால் நூல் குண்டுகுண்டாக விழும், இறுக்கினால் படிந்து விழும். இறுக்கியதில் கழுத்து வந்தது, தளர்த்தியதில் தலைமுடி வந்தது. முதல் தடவை மூக்கை முடித்துவிட்டு வளையத்தைத் திருப்பிப் பார்த்தபோது, துணியிலிருந்து மூக்கு எழுந்து நின்றது. ஒரு மூக்குக்காக, ஐம்பத்தெட்டு வயது மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து தொடையில் தட்டிக்கொண்டார். முதுகுவலி எங்கே போனது என்று தெரியவில்லை. சாப்பாடு ஆறியது தெரியவில்லை. காலையில் கண் விழிக்கும்போதே இன்றைக்கு உதடு என்று மனசு ஓடியது. சிங்கங்களோடு இத்தனை வருஷத்தைத் தொலைத்துவிட்டோமே என்றுகூட நினைத்தார்.

ஒருநாள் மனைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க."

"ம்."

"பாப்பா முகத்தைத்தானே தைக்கிறீங்க?"

"பின்ன?"

"சீட்டி அடிக்கிறீங்க."

மிஷின் நின்றது. அடித்தது அவருக்கே தெரியாது. உதட்டைப் பல்லுக்குள் இழுத்துக்கொண்டார். அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. மறுநாள் புருவத்தில் கறுப்பும் காப்பிக்கொட்டை நிறமும் மாறி மாறி விழுந்தபோது சீட்டி தானாக வந்துவிட்டது. அடுத்த அறையில் பாத்திரம் ஒன்று வேண்டுமென்றே கீழே விழுந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை. மகள் உயிரோடு இருந்த பத்தொன்பது வருஷத்தில் அவள் முகத்தை அவர் இத்தனை நேரம் பார்த்ததே இல்லை. அவர் எழுந்து மிஷினில் உட்காரும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். மிஷினை விட்டு எழுந்திருக்கும்போது மறுபடி தூங்கியிருப்பாள்.

முடிந்தது. ஓரம் மடித்து, இஸ்திரி போட்டு, பீரோவுக்கு எதிர்ச் சுவரில் இரண்டு ஆணியில் மாட்டினார். மைத்துனரையும் வரவழைத்திருந்தார். மனைவியின் தம்பி, லாரி ஓட்டுகிறவர்.

மைத்துனர் உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "மாமா... பாப்பா அப்படியே கூப்பிடுற மாதிரி இருக்கு மாமா."

"பின்ன? யாரு தைச்சது?"

"பெருமையைப் பாரு. சிங்கம் மட்டும் ஏன் மாமா இன்னும் பூனையாவே இருக்கு?"

"சிங்கத்தை நான் பெக்கலையே."

மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கட்டைவிரலை நீட்டிக்கொண்டேதான் வந்தாள். பட்டுக் கன்னத்தில் விரல் பட்டது. ஒரு தடவை தடவியது. அப்புறம் நின்றுவிட்டது.

"இது யாரு?"

மைத்துனர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா கேக்குற?" என்றார் பேட்ஜ்காரர்.

"என் பிள்ளைக்கு மச்சம் இடது கன்னத்துல. இவளுக்கு வலதுல இருக்கு. வகிடும் அந்தப் பக்கம் போயிருக்கு."

"உனக்குத்தான் முகமே ஞாபகம் இல்லைன்னு சொன்னே."

"இதைப் பாத்ததும் வந்துடுச்சு. இவ இல்லைன்னு வந்துடுச்சு." அவள் குரல் உயரவில்லை. "வலது பக்கமாத்தான் ஒருக்களிச்சுப் படுப்பா. மச்சம் மேல தெரியும். தினம் காலைல அந்த மச்சத்தைப் பாத்துத்தான் எழுப்புவேன்."

"அக்கா, பக்கம் மாறினா என்னக்கா, முகம் அதேதானே?" என்றார் மைத்துனர்.

"உன் பிள்ளை பக்கம் மாறி வந்தா நீ உள்ள சேத்துப்பியா?"

பேட்ஜ்காரர் தகரப் பெட்டியைத் திறந்து போட்டோவை எடுத்தார். தான் தைத்ததுதான் சரி என்று காட்டிவிடலாம் என்ற நினைப்பு. இந்த மூன்று மாதத்தில் அவள் விரல் சும்மா இருக்கவில்லை. முகம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம்தான் இருந்தது. வகிடும் இல்லை, மச்சமும் இல்லை.

செருப்புகூடப் போடாமல் ஜெராக்ஸ் கடைக்கு நடந்தார்.

"அன்னிக்கு நீ என்னய்யா பண்ணினே?"

"என்னண்ணே?"

"பெரிசா ஒரு முகம்."

"ஆமா, புரட்டித்தானே குடுத்தேன்? குப்புறத் தையல்னு சொன்னீங்க. மிஷின்லயே திருப்பிடறேன்னு சொல்ல வந்தேன், பட்டனை அமுக்குன்னீங்க. சரின்னு திருப்பிட்டுத்தான் அமுக்கினேன்." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஜெராக்ஸ்காரர் எழுந்தார். "ஏண்ணே, நீங்களும் புரட்டிட்டீங்களா?"

கடைக்காரரைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். கோபம் வந்த வேகத்தில் போய்விட்டது, அதன் பின்னால் வேறொன்று வந்து நின்றது. அந்தத் தாள் மூன்று மாதம் அவர் கண்ணெதிரே சுவரில் இருந்தது. மச்சம் இட்லிப் பாத்திரத்து ஓட்டைபோல அத்தனை பெரிசாகத் தெரிந்தது. பக்கம் மாறியிருக்கிறது என்று அவருக்கு ஒருநாளும் உறுத்தவில்லை. பதினோரு பள்ளிக்கூடத்துச் சிங்கமும் கழுகும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மகளுக்கு மச்சம் எந்தக் கன்னத்தில் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்ததே இல்லை.

திரும்பி வந்தபோது மைத்துனர் போய்விட்டிருந்தார். மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"தப்பு என்னோடது" என்றார். அந்த வீட்டில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. "தாள் இருக்கு. திருப்பிப் போட்டுத் தைச்சுடறேன். நூலும் மிச்சம் இருக்கு. மூணே மாசம்."

"வேண்டாம்."

"இந்தத் தடவை சரியா வரும்டி. நான் சொன்னா..."

"வரும். உங்க கைக்கு வரும், எனக்குத் தெரியும்." அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னொரு மூணு மாசம் நீங்க சந்தோஷமா இருக்கறதைக் கேட்டுட்டு என்னால இந்த வீட்ல இருக்க முடியாதுங்க."

தாளைத் திருப்பிப் போடலாம் என்று நினைத்த அந்த நிமிஷமே உள்ளே எங்கோ ஒரு மூலையில் மறுபடி மூக்கு, மறுபடி உதடு என்று ஒரு குதி குதித்தது உண்மை. அவளுக்கு அது கேட்டிருக்கிறது.

துணியைக் கழற்ற ஆணியில் கை வைத்தார்.

"இருங்க" என்றாள்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது துணியை அல்ல. எதிரே பீரோக் கதவில் இருந்த ஆளுயரக் கண்ணாடியை. அதில் பாப்பா இருந்தாள். மச்சம் இடது கன்னத்தில். வகிடு இருக்க வேண்டிய பக்கத்தில். ஒரு குறையும் இல்லை.

அவள் துணிக்கு முதுகைக் காட்டி நகர்ந்து, கண்ணாடிக்கு நேராக உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் மகள் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் பழக்கதோஷத்தில் கட்டைவிரலை நீட்டினாள். விரல் கண்ணாடியில் முட்டியது. கன்னம் இருந்த இடத்தில் விரல் கறை விழுந்தது. முந்தானையால் துடைத்தாள். மறுபடி நீட்டினாள்.

இன்றைக்கும் தினம் அப்படித்தான். தொட வேண்டுமென்றால் திரும்ப வேண்டும், திரும்பினால் அங்கே யாரோ ஒரு பெண். பேட்ஜ்காரர் பக்கத்து அறையில் சிங்கம் தைக்கிறார். மிஷின் சத்தம் மட்டும் கேட்கும்.