துண்டுக்கு ஒரு ஊக்கு

மலை வளைவில் பேருந்து அடிக்கும் நீண்ட ஹாரன். இப்போதும் எங்கே கேட்டாலும் என் கை, தோளில் இல்லாத புத்தகப் பையைத் தேடும். மூக்கில் பச்சைப் பூண்டின் நெடி ஏறும்.

நான் ஐந்தாவது முடித்த வருடம் தேர்தல். ஆறாவதுக்கு எங்கள் ஊரான பள்ளங்கியிலிருந்து செண்பகனூர் போக வேண்டும். இருந்தது ஒரே பஸ். அது நின்றால் என் படிப்பும் நின்றுவிடும் என்று, மழை வரும் என்பதுபோல அப்பா சொல்லியிருந்தார். மாநில பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்றது ரேடியோ. துண்டு என்றால் எனக்குத் தோளில் கிடப்பது. விழுந்தால் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே, இதற்கா இத்தனை ஜீப்புகள்?

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பூண்டைத் தரம் பிரித்தபடி வேட்பாளர்களின் நோட்டீஸ்களை என்னை வாசிக்கச் சொல்வாள். விழுந்த துண்டை யார் எப்படித் தூக்குவார் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். முதலாமவர், நஷ்டத்தில் ஓடும் தடங்களைச் 'சீரமைப்போம்' என்றிருந்தார்.

"சீரமைக்கிறதுன்னா?" என்றாள் அம்மா.

"நல்லாப் பண்றதுடி" என்றார் அப்பா. முதலாமவர் அவருக்கு ஒருவகையில் சொந்தம்.

"ரேசன் கடையவும் இப்படித்தான சீரமைச்சாக? இப்ப அரிசிக்கு மலையேறிக்கிட்டுக் கெடக்கோம்."

இரண்டாமவர் எதையும் ஏற்ற மாட்டார், எதையும் குறைக்க மாட்டார், எல்லாம் இலவசமாகத் தருவார். அம்மா ஒரு சொத்தைப் பூண்டை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

மூன்றாமவர் நேரிலேயே வந்தார். பஸ் கட்டணம் ஏறும், ஆனால் எந்த ஊர் பஸ்ஸும் நிற்காது என்றார்.

"ஓட்டு வேணாம்னு சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீக?" கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

அந்த நேரம் பார்த்து அவர் தோள்துண்டு நழுவித் தரையில் விழுந்தது. எனக்குப் பதறிவிட்டது. அம்மாவின் வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றிக்கொண்டு ஓடினேன்.

"இனிமே விழாமக் குத்திக்கிருங்க. எங்க பஸ்ஸு நின்னுரும்."

ஊரே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வாங்கிக் குத்திக்கொண்டார்.

அவர் கட்சிதான் ஜெயித்தது. ஊக்கு பிடித்துக்கொண்டது என்றே வெகுகாலம் நம்பினேன்.

பள்ளி திறந்த காலை. வெள்ளனே வந்து நின்றோம். பனிக்குள்ளிருந்து முதலில் ஹாரன், பிறகு மஞ்சள் விளக்கு, அப்புறம்தான் பஸ். டிக்கெட் கூடிவிட்டது என்றார் கண்டக்டர்.

"சொன்னபடி தலையில கைய வச்சுட்டான்ல? இவனுக்குப் போயி எவ போட்டாளோ!" அப்பா அம்மாவைப் பார்த்தார்.

அம்மா வேறெங்கோ பார்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கூடுதல் சில்லறை அதில் ஏற்கெனவே இருந்தது. விலை ஏறியதற்கு ஒருத்தி இப்படி முகமெல்லாம் சிரிப்பாளா? எனக்கு விளங்கவில்லை. காசை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"கூடிருச்சாம்ல? அப்ப இனி நிக்காது. ஏறு தாயி, வெரசா."