ஒன்பது நாள் தொடாத கார்

செபமாலைமுத்து அண்ணையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என் வாயைத்தான் திட்ட வேண்டியிருக்கிறது. "கடிதத்தை இப்ப உடைக்காதேங்கோ அண்ணை, நவநாள் முடியட்டும்" என்று சொன்னவன் நான்.

1991ஆம் ஆண்டு, தோர்ண்டன் ஹீத்தில் ஒரு மேல்மாடி அறையில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். மன்னாரில் லொறி ஓடியவர் அவர். இங்கே பெற்றோல் நிலையத்தில் பன்னிரண்டு மணித்தியால ஷிப்ட். அகதி விண்ணப்பம் போட்டு நாலு வருடமாகியும் பிரிட்டிஷ் அரசின் ஹோம் ஒஃபிஸிலிருந்து பதில் இல்லை. அவருடைய மனைவி மேரிறோஸ் மடுவில் அகதி முகாமில் இருந்தார்.

இந்த நிலையில் உள்ள மனுசன் ஒரு நல்ல குளிர்க்கோட்டு வாங்குவான். அண்ணை வாங்கியது 1964ஆம் ஆண்டு செவர்லே இம்பாலா. பெற்றோல் அடிக்க வந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், எஞ்சின் இறுகிப்போன அந்தக் காரைக் கிட்டத்தட்டச் சும்மாவே கொடுத்துவிட்டார். பதினேழரை அடி. எங்கள் அறையைவிட நீளம். ரயில் பாதையோரத்து ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றில் அதை நிறுத்தி, தார்ப்பாயால் மூடி, மூன்று வருடம் ஞாயிறு தோறும் பூசை முடிந்த கையோடு அதற்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, குரொய்டனில் ஒரு பப்பின் முற்றத்தில் அமெரிக்கக் கார்ப் பைத்தியங்கள் கூடுவார்கள். எஞ்சினை மூடும் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தக் குரோம் பட்டை அசல், எது பிறகு போட்டது என்று பொழுதுபடும்வரை சண்டை பிடிப்பார்கள். அண்ணையின் ஆங்கிலம் பெற்றோல் விற்கத்தான் காணும். ஆனால் ஸ்குரூடிரைவரின் ஒரு முனையை ஓடுகிற எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, "நம்பர் சிக்ஸ்" என்பார். திறந்து பார்த்தால் கோளாறு ஆறாவது சிலிண்டரில்தான் இருக்கும். அதனால் கார் ஓடாமல் பஸ்ஸில் போய் இறங்கினாலும் அங்கே அவருக்குத் தனி மரியாதை. டெரிக் என்ற கூரை வேலைக்காரர் அவர்மேல் உயிர்.

கார் எதற்கென்று கேட்டால் ஒரே பதில். மேரிறோஸை ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து கூட்டிவர. அமெரிக்கக் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம். வலப்பக்க ஆசனத்துக்குத் தன் கையாலேயே உறை தைத்துப் போட்டார். என்னை அதில் இருக்க விடவில்லை. "அது அவவின்ர சீற். நீர் பின்னுக்கு ஏறும்."

அந்த நவம்பரில் எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டது. முன் பிரேக் மட்டும் பாக்கி. சாமான் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும், டெரிக் எடுப்பித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். முன்சக்கரங்களைக் கழற்றிச் செங்கல்லில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார் அண்ணை.

ஒரு சனிக்கிழமை காலை அவர் பெயருக்குப் பழுப்பு நிறக் கடித உறை ஒன்று வந்தது. அதற்கு முந்திய கிழமைதான் பிளேஸ்டோவில் இருந்த ஒருவருக்கு இதே நிற உறையில் அகதி விண்ணப்ப மறுப்புக் கடிதம் வந்திருந்தது. அண்ணை உறையை உடைக்கப் போனார். அப்போதுதான், ஒன்பது நாள் செபம் சொல்லி நவநாள் முடித்த பிறகு உடைக்கலாம் என்ற அந்தப் பொன்னான ஆலோசனையைச் சொன்னேன்.

உறையை மடு மாதா படத்துக்குக் கீழே வைத்தார். முழங்காலில் நின்று நேர்த்தி வைத்தார்.

"மாதாவே, ஒன்பது நாளும் காரைத் தொடமாட்டன். அந்தப் பக்கமே போகமாட்டன். நல்ல கடிதமாய் இருக்க வேணும்."

"சிகரெட்டை விடுங்கோவன் அண்ணை, காணும்" என்றேன்.

"லேசாய் விடக்கூடியதை விட்டால் அது நேர்த்தியே?"

சொன்னபடியே நடந்தார். வேலைக்குப் போகும்போதுகூட ஒழுங்கையைத் தவிர்த்துச் சுற்றுவழியால் போனார். ஐந்தாம் நாள் மழை கொட்டியபோது யன்னலடியில் நின்று, "தார்ப்பாய் பறந்திருக்குமோ?" என்று பத்துத் தடவை கேட்டார். "நான் போய்ப் பார்க்கிறன்" என்றேன். "வேண்டாம், நீர் பார்த்தாலும் நான் பார்த்த மாதிரித்தான்" என்று தடுத்துவிட்டார். சாப்பாடு இறங்கவில்லை. செபமாலை உருட்டி உருட்டி விரல் சிவந்தது.

ஒன்பதாம் நாள் ஞாயிறு. செபம் முடிந்து உறையை உடைத்தார். கடிதம் ஹோம் ஒஃபிஸிலிருந்து வரவில்லை. உள்ளூராட்சிக் கவுன்சிலிலிருந்து வந்திருந்தது. ஒழுங்கையில் சக்கரமில்லாமல் கைவிடப்பட்டுக் கிடக்கும் வாகனத்தைக் கடிதத் திகதியிலிருந்து ஏழு நாட்களுக்குள் அகற்றாவிட்டால், தாங்களே எடுத்து அழித்துவிடுவதாக எழுதியிருந்தார்கள்.

அவர் செருப்பும் போடாமல் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். ஒழுங்கையில் நாலு செங்கல்லும் ஓர் எண்ணெய்க் கறையும்தான் இருந்தன. பக்கத்துச் சுவரோரம் தார்ப்பாய் சுருண்டு கிடந்தது. அண்ணை அந்தக் கறைக்குப் பக்கத்தில் ஈரத்தில் குந்திக்கொண்டார். எங்களைத் தேடி வீட்டுக்கு வந்த டெரிக், பிரேக் சாமான் பெட்டியும் கையுமாக அங்கேயே வந்து சேர்ந்தார். அவருக்கு நான் என்னவென்று விளங்கப்படுத்துவது? கடிதம் வீட்டில் இருந்தது, நாங்கள்தான் வாசிக்கவில்லை என்றா?

திங்கள் விடிந்ததும் டெரிக்கின் வான் வண்டியில் பழைய இரும்பு முற்றத்துக்குப் போனோம். வெள்ளிக்கிழமை கொண்டுவந்தார்களாம். சனிக்கிழமை நசுக்கியாயிற்றாம். மேசை அளவில் அடுக்கியிருந்த தகரக் கட்டிகளில் ஒன்றைக் காட்டினார்கள். அதன் ஓரத்தில் அண்ணை தைத்த உறைத்துணி பிதுங்கிக்கொண்டிருந்தது. டெரிக் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அண்ணை அழவில்லை. அந்தத் துணியை இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை.

"மாதா நான் கேட்டதைச் செய்திருக்கிறா, தம்பி. ஹோம் ஒஃபிஸின்ர மறுப்புக் கடிதமில்லைத்தானே" என்றார். எனக்கு மாதாவிலும் கோபம், கவுன்சிலிலும் கோபம், எல்லாவற்றையும்விட என்னிலேயே கோபம்.

மூன்று மாதம் கழித்து அடுத்த பழுப்பு உறை வந்தது. அண்ணை வாசலில் நின்றபடியே சட்டைப்பையிலிருந்து கார்ச்சாவியை எடுத்து உறையைக் கிழித்தார். இந்தமுறை ஹோம் ஒஃபிஸ்தான்.

"என்ன அண்ணை போட்டிருக்கு?"

இரண்டு தரம் வாசித்தார். சாவியைத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"இன்னும் யோசிச்சுக்கொண்டிருக்கினமாம். பொறுத்திருக்கட்டாம்."