கூலி இல்லாமல் ஏறிய மலை

"மலை ஏறுனா நமக்குத்தாண்டி கூலி குடுப்பாக. நீ என்னமோ எதிராளுக்குக் கூலி குடுத்து ஏறப் போறேங்குற. அதுவும் நீயி! ஜீப்புல மூணாவது வளைவு தாண்டாதவ!"

அம்மா இதைச் சொல்லும்போது கையில் கரண்டியோடு நின்றாள். அடுப்பில் எனக்கான புளிக்காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. தேனியில் நான் வேலை பார்க்கும் அலுவலகம் என்னை ஒரு வாரப் பயிற்சிக்கு டேராடூனுக்கு அனுப்புகிறது, கடைசி நாள் சனிக்கிழமை ஓய்வு, அன்று வழிகாட்டியோடு இமயமலையில் ஒரு காட்சிமுனைக்கு நடந்து ஏறி இறங்கப்போகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் காதில் விழுந்தது ஒன்றுதான். வழிகாட்டிக்குக் காசு கொடுக்க வேண்டும்.

அவளைக் குறை சொல்ல முடியாது. காமயகவுண்டன்பட்டியிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பும் ஜீப்பில் பதினைந்து பெண்களோடு நெருக்கி உட்கார்ந்து, கம்பம்மெட்டு வழியாகக் கேரள எல்லைக்குள் போய், ஏலக்காட்டுச் சரிவில் நாள் முழுக்கக் காய் எடுத்துச் சாக்கில் போடுபவள் அவள். இருபத்திரண்டு வருடங்களாக இதுதான் வேலை. மலை அவளுக்கு அலுவலகம். அலுவலகத்துக்குக் காசு கட்டிப் போகிறேன் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

மூன்றாவது வளைவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் ஒழுங்காகப் போய், பட்டம் வாங்கி, வெளியே வந்த முதல் ஆள் நான். இதற்கு என் அறிவும் உழைப்பும் காரணம் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உண்மையான காரணம் வாந்தி. எட்டு வயதில், பள்ளி விடுமுறையில், அம்மா என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் நான், வேலையை மேற்பார்க்கும் கங்காணியின் மடியில் இருந்த புதுக் குடைக்குள் வாந்தி எடுத்தேன். மறுநாளும் கூட்டிப் போனாள். மறுநாளும் அதே வளைவு. அதே குடை.

"இந்தப் பிள்ள காட்டுக்கு ஆகாது. இனிமே கூட்டிட்டு வந்தா நான் இறங்கிக்கிருவேன்" என்றார் கங்காணி. அம்மா அன்று மாலையே, "நீ படிச்சாத்தாண்டி உண்டு, வேற வழி இல்ல" என்று முடிவு செய்துவிட்டாள். இன்று எங்கள் தெருவில் யாருக்கு எந்தப் படிவம் நிரப்ப வேண்டும் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். ஆதார், ரேஷன், முதியோர் ஓய்வூதியம் எல்லாம் நான்தான். வாந்தியை நான் நன்றியோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

"நான் ஏறிக் காட்டுறேன்" என்றேன்.

"ஏறு பாப்போம்."

"ஏறிட்டா?"

அம்மா கரண்டியில் ஒட்டியிருந்த புளிக்காய்ச்சலை நக்கிப் பார்த்து யோசித்தாள். "ஏறிட்டா அடுத்த தடவ நானும் வர்றேன். கூலி இல்லாம, சாக்கு இல்லாம, சும்மா வேடிக்கை பாக்க. ஆனா வழியில வாந்தி எடுத்தா அது கணக்குல சேராது. மேல போயி எனக்கு போன் போட்டுக் காட்டணும்."

அவள் நக்கலுக்குத்தான் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் என் அம்மா ஒருநாளும், எங்கேயும், சும்மா வேடிக்கை பார்க்கப் போனதில்லை. சுருளி அருவிக்குப் போனால்கூட விறகு பொறுக்கிக்கொண்டு வருவாள்.

என் பையில் அவள் வைத்தவை: இடித்த புகையிலையும் உப்பும் கலந்து கட்டிய சிறு மூட்டை, காலில் ஏறும் அட்டைப்பூச்சிக்கு. அவளுடைய தலைத்துண்டு. சேலைக்கு மேலே மாட்டிக்கொள்ளும் முழுக்கை ஆண் சட்டை ஒன்று. புளிக்காய்ச்சல். அப்புறம் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்த நான்கு பிளாஸ்டிக் கவர்கள். அவை எதற்கென்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை எங்கள் குழுவில் மொத்தம் ஏழு பேர். வழிகாட்டி என் வயதுப் பெண். அந்த மலைக்காரி. இந்தி கலந்த ஆங்கிலம் பேசினாள். எனக்கு ஆங்கிலம் உண்டு, இந்தி விளம்பரங்களில் கேட்ட அளவுக்கு உண்டு. எப்படியோ ஒப்பேற்றினோம். முதலில் ஆளுக்கொரு படிவம் தந்தாள். படிவத்தைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. பெயர், வயது, இரத்த வகை எல்லாம் மளமளவென்று எழுதினேன். "மலையேற்றத்தில் முன் அனுபவம்" என்ற கட்டத்தில் மட்டும் பேனா நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இல்லை" என்று எழுதினேன்.

பக்கத்தில் சென்னைக்காரர் ஒருவர் அதே கட்டத்தில் இடம் போதாமல் தாளின் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். கையில் மடக்கும் ஊன்றுகோல் இரண்டு, முதுகில் குழாய் வைத்த தண்ணீர்ப் பை. "ஃபர்ஸ்ட் டைமா மேடம்? பயப்படாதீங்க. மலைங்கறது எல்லாமே மைண்ட்தான்" என்றார்.

ஏறும் இடம்வரை ஜீப். நான் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். வளைவுகளை எண்ணக் கூடாது என்று நினைத்தேன். எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது வளைவில் கண்ணை இறுக மூடிக்கொண்டு பதிமூன்றாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொன்னேன். வயிற்றுக்குள் என்னவோ எழுந்து, யோசித்து, மறுபடி உட்கார்ந்தது. அப்போது பின்னால் ஒரு சத்தம்.

"மேடம்... கவர்... கவர் எதாவது..."

மைண்ட்காரர்தான். என் அம்மா எனக்காக மடித்து வைத்த நான்கு கவர்களும் அவருக்கே செலவாயின. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், வாழ்க்கையில் முதல்முறையாக வேறொருவர் எடுக்கும் வாந்தியைத் திரும்பிப் பார்க்கும் கௌரவம்தான் வந்தது.

கீழிருந்தே ஒரு மலைநாய் எங்களோடு நடக்கத் தொடங்கியது. அந்தப் பக்கத்து நாய்களுக்கு அது வழக்கமாம், பிஸ்கட்டுக்காகக் கூடவே வந்து திரும்புமாம். நான் அம்மா சொன்னபடி காலுறை முழுக்கப் புகையிலை உப்புப் பொடியைத் தேய்த்திருந்தேன். அக்டோபரில் அந்தப் பாதையில் அட்டையே கிடையாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நாய் என் காலை மோந்தது. பதினோரு தும்மல் போட்டது. அதன்பிறகு இறங்கும்வரை என்னிடமிருந்து விலகி, சென்னைக்காரரின் அந்தப் பக்கமாகவே நடந்தது.

பாதி வழியில், பாதையோரப் புதருக்குப் பின்னால் ஒதுங்க வேண்டியிருந்தது. திரும்பி வந்தால் பாதையில் ஆள் இல்லை. மூடுபனி இறங்கியிருந்தது. என்ன செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் செய்துவிட்டது.

"ஊஊஊய்ய்!"

ஏலச்செடி ஆளை மறைக்கும் உயரம். பக்கத்து வரிசையில் நிற்பவள்கூடக் கண்ணுக்குத் தெரிய மாட்டாள். அதனால் எங்கள் பெண்கள் காட்டுக்குள் அடிக்கடி கூவிக்கொள்வார்கள். ஒருத்தி கூவினால் காதில் விழுந்த எல்லாரும் பதில் கூவியாக வேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் சாக்கைப் போட்டுவிட்டுத் தேடப் போவார்கள், யானையோ பாம்போ என்று. அம்மாவுக்கு இது இரத்தத்தில் ஊறிப்போன பழக்கம். கம்பம் சந்தைக் கூட்டத்தில் என்னைக் காணவில்லை என்றாலும் கூவுவாள். கல்லூரித் தோழிகள் பக்கத்தில் நின்றாலும் நான் கத்திரிக்காய்க் கடைக்கு நடுவிலிருந்து பதில் கூவ வேண்டும். கூவாவிட்டால் இரண்டாவது கூவல் இன்னும் சத்தமாக வரும்.

இங்கே பதில் கூவல் வரவில்லை. வழிகாட்டிதான் வந்தாள், மருந்துப் பெட்டியும் ஆக்சிஜன் புட்டியுமாக, மேலிருந்து கற்கள் தெறிக்க ஓடி. பின்னால் ஊன்றுகோல் இரண்டும் சிக்கிக்கொள்ள சென்னைக்காரர். அவருக்குப் பின்னால் நாய்.

என்ன ஆயிற்று, எங்கே அடி என்று கேட்டாள்.

"ஒன்றும் இல்லை. எல்லாரும் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்" என்றேன்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். இந்தப் பாதையில் கூச்சல் என்றால் ஆபத்து என்று பொருள், கீழே இன்னும் இரண்டு குழுக்கள் வருகின்றன, அவர்களும் ஓடி வருவார்கள், இனி உயிர் போனால் ஒழியக் கத்தாதே என்றாள். தலையாட்டினேன். என் விரலில் ஒரு கருவியை மாட்டி இரத்தத்தில் ஆக்சிஜன் பார்த்தாள். எல்லாரையும்விட எனக்குத்தான் நன்றாக இருந்ததாம். அதில் அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல் என்று நினைக்கிறேன்.

பதினொரு மணிக்கு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். என் கால், என் மூச்சு, வாந்தி இல்லை. ஒரு சிமெண்டு பெஞ்சு. ஒரு பெரிய பலகை. அதில் பனிச்சிகரங்களை வரிசையாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பெயரும் உயரமும் எழுதி, அம்புக்குறி போட்டிருந்தார்கள். அம்புகள் காட்டிய திசையில் மூடுபனி. வேறு ஒன்றும் இல்லை.

கையோடு அம்மாவுக்குக் காணொளி அழைப்புப் போட்டேன். அவளிடம் இருப்பது பொத்தான் போன். அவளோடு காய் எடுக்கும் எதிர்வீட்டு அத்தையின் போனில்தான் வர வேண்டும். அது காட்டில் கஞ்சி குடிக்கும் நேரம். திரையில் முதலில் அத்தையின் மூக்கு, பிறகு தூக்குவாளி, பிறகு அம்மா.

"எங்கனடி நிக்கிற?"

"உச்சியிலம்மா! பாரு!" போனைச் சுற்றிலும் காட்டினேன்.

"வெள்ளையாத் தெரியுது. சுவத்தக் காட்டுறியா?"

பலகையைக் காட்டினேன்.

"ஏத்தா, இது வரஞ்ச படம்ல. நம்ம ஊரு சலூன்லயும்தான் இப்படி ஒண்ணு மாட்டியிருக்காக. அதுக்கு நானும் இமயமலைக்குப் போயிட்டேன்னு சொல்லவா?"

பின்னால் பதினைந்து பெண்கள் சிரிப்பது கேட்டது. அவ்வளவு தூரம் போய், ஏறி, சலூன் படத்திடம் தோற்கப்போகிறேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு ஏமாத்தாத" என்றாள் அம்மா. "மலையில நிக்கிறேன்னா கூவு. மலையா இருந்தா பதில் வரும்."

வழிகாட்டியைப் பார்த்தேன். கத்தாதே என்று சொன்னவளிடம் எப்படிக் கேட்பது? இருக்கிற இந்தியையெல்லாம் திரட்டி, அம்மா, ஏலக்காய், பந்தயம், வாந்தி என்று சொன்னேன். வாந்திக்கு இந்தி தெரியாததால் நடித்துக் காட்டினேன். அவள் முகத்தைச் சுளித்தாள். போனை எட்டிப் பார்த்தாள். சாக்கும் தலைத்துண்டுமாக நின்ற கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பள்ளத்தின் விளிம்புக்குப் போய், இரண்டு கைகளையும் வாயில் குவித்து, அவளே ஒரு கூவல் விட்டாள். எங்கள் கூவலைவிட நீளம், கடைசியில் ஒரு வளைவு.

மூடுபனிக்குக் கீழே எங்கிருந்தோ ஒரு பதில் வந்தது. பிறகு இன்னொன்று. புல் அறுக்கும் பெண்கள், அதில் ஒருத்தி தன் சித்தி என்றாள் வழிகாட்டி, கொஞ்சம் வெட்கத்தோடு.

நானும் கூவினேன். கீழிருந்து பதில். போனுக்குள்ளிருந்தும் பதில். அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை, அவள் கூவினால் மற்றவர்களாலும் முடியாது. என் கையில் அந்தச் சின்னப் பெட்டி அதிர்ந்தது. நாய் தலையை நிமிர்த்தி ஊளையிட்டது.

"சரித்தா, சரி" என்றாள் அம்மா. "ஏறிட்ட. ஒத்துக்கிறேன்..." திடீரென்று அவள் குரல் மாறியது. "ஏய்! பின்னால பாரு! உனக்குப் பின்னால பெருசா நிக்குதுடி!"

எங்கள் வீட்டில் அந்தச் சொற்களுக்கு ஒரே பொருள்தான். யானை. திரும்பிப் பார்க்கக் கூடாது, பையைப் போட்டுவிட்டுச் சரிவில் குறுக்காக ஓட வேண்டும் என்று சிறுவயதிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். பையைப் போட்டேன். சென்னைக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "ஓடுங்க!" என்றேன். அவரும் எதற்கென்று கேட்காமல் ஓடினார். பத்தடியில் அவருடைய ஊன்றுகோல் தடுக்கி இருவரும் புல்லில் விழுந்தோம்.

மல்லாந்து கிடந்தபடி பார்த்தேன். மூடுபனி ஒரு திரைபோல விலகி, பலகைக்கு மேலே, நான் தேடிய உயரத்துக்கும் மேலே, வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, வெள்ளையாக ஒரு பனிச்சிகரம் நின்றது.

"அது ஓடி வராதுடி, எந்திரி" என்றாள் அம்மா, புல்லில் கிடந்த போனிலிருந்து.

எழுந்து, போனைத் திருப்பிப் பிடித்தேன். திரைக்குள் தலைத்துண்டுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன.

"அதுல என்ன போட்டிருக்காக? காப்பியா, மிளகா?"

"ஒண்ணும் போடலம்மா."

"யாரும் வேல பாக்கலையா?"

"இல்ல. சும்மா நிக்குது."

"சும்மாவா?" என்றாள், அத்தையின் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு. கங்காணியின் விசில் கேட்டு அழைப்பு துண்டானது.

ஊருக்குத் திரும்பிய பிறகு அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சொன்ன சொல் நினைவிருக்கிறதா என்று கேட்டால், "புகையிலைப் பொடி மிச்சம் இருக்கா?" என்று வேறு எதையாவது கேட்டாள். சென்ற வாரம்தான், வெங்காயம் உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "ஏப்ரல்ல நமக்குக் காய் இருக்காது. அங்கன அப்ப ரொம்பக் குளிருமா?"

நேற்று அந்த வழிகாட்டிப் பெண் அனுப்பிய படிவம் இரண்டையும் நிரப்பினேன். என்னுடையதில் முன் அனுபவம் என்ற கட்டத்தில் "ஒரு நாள்" என்று எழுதினேன். அம்மாவுடையதில், "இருபத்திரண்டு ஆண்டுகள். வாரம் ஆறு நாள். இடுப்பில் சாக்கோடு" என்று எழுதினேன். கட்டம் போதாமல் எழுத்து வெளியே போயிற்று. அம்மா கையெழுத்துப் போட்டாள். இன்று காலை அனுப்பிவிட்டேன். கவர் மட்டும் ஆறு எடுத்து வைத்திருக்கிறேன், யாருக்கு வேண்டுமானாலும் உதவும்.